ஹாஸ்டல் ஜன்னல்ல ஒரு மணி பிளாண்ட்: டைம்டேபிள் போட்டுத் தண்ணி ஊத்தினா ஏன் சாகுது?



நம்ம ஹாஸ்டல்ல எந்த ஃப்ளோர்ல நடந்தாலும் நாலு ரூமுக்கு ஒரு மணி பிளாண்ட் கண்ணுல படும். பழைய கூல் டிரிங்ஸ் பாட்டில்ல ஒண்ணு, பெயின்ட் டப்பால ஒண்ணு, ஆன்லைன்ல வாங்கின வெள்ளை செராமிக் தொட்டில ஒண்ணு. ஜூலைல பச்சையா இருக்கும். செமஸ்டர் முடியறதுக்குள்ள பாதி மஞ்சள், மீதி குப்பைத் தொட்டில. கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: “டெய்லி கரெக்டா தண்ணி ஊத்தினேன் ப்ரோ, அப்பவும் போயிடுச்சு.”

அந்த பதில்லயே காரணம் இருக்கு. டெய்லி கரெக்டா ஊத்தினதாலதான் போச்சு. வீட்டுக்குள்ள வளர்க்கிற வெப்பமண்டலச் செடிங்க பெரும்பாலும் தாகத்துல சாகறதில்ல, மூச்சு முட்டித்தான் சாகுது. ஏன்னு புரிஞ்சுக்க பாட்டனி டிகிரி வேண்டாம். நாம படிச்ச ஃபிசிக்ஸும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸும் போதும். மணி பிளாண்டை உதாரணமா வெச்சுப் பார்ப்போம். பாம்புச் செடி, சிங்கோனியம், ஜீ ஜீ செடி எல்லாத்துக்கும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

1. முதல்ல ஆள் யாருன்னு தெரிஞ்சுக்குவோம்

மணி பிளாண்டோட அறிவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் கடல்ல, பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா தீவு. அந்தத் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 17 டிகிரி; நம்ம கும்மிடிப்பூண்டி வடக்கே சுமார் 13 டிகிரி. அதனால நம்ம வெப்பமோ காத்தோட ஈரமோ இதுக்குப் புதுசு இல்ல. வெளியில மாமரத்துலயோ தென்னையிலயோ ஏத்தி விட்டா, உள்ளங்கை அளவு இலை முறம் அளவுக்கு விரிஞ்சு, ஓரமெல்லாம் கிழிஞ்ச மாதிரி ஆகி, வேற செடியோன்னு சந்தேகப்பட வைக்கும்.

குடும்பத்தைச் சொன்னா இன்னும் நெருக்கமா தெரியும். இது சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் இதுக்குச் சொந்தக்காரங்க. கருணைக்கிழங்கைச் சரியா வேகவைக்கலைன்னா நாக்கு அரிக்குதே, அதுக்குக் காரணம் ஊசி மாதிரி இருக்கிற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அதே ஊசிங்க மணி பிளாண்ட் இலையிலயும் இருக்கு. ஹாஸ்டல் பூனையோ, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் குழந்தையோ கடிச்சா வாய் எரியும். எட்டாத உயரத்துல வைங்க.

இன்னொரு விஷயம். இந்தச் செடி பூத்து யாரும் பார்க்கிறது ரொம்ப அபூர்வம். பூக்கறதுக்குத் தேவையான ஜிப்ரெலின் ஹார்மோனைத் தயாரிக்கிற வேலை இதுல தடைபட்டிருக்குன்னு 2016-ல வந்த ஆய்வு ஒண்ணு காட்டிச்சு. அதனால விதை கிடையாது. உலகம் முழுக்க இருக்கிற மணி பிளாண்ட் எல்லாம் தண்டு வெட்டி வெட்டிப் பரவினதுதான். வெட்டும்போது கணு கட்டாயம் வேணும். தண்டுல இலை முளைக்கிற இடத்துல, பழுப்பா ஒரு சின்ன வேர் முண்டு தெரியுமே, அதுதான் கணு. அதுக்குக் கொஞ்சம் கீழே வெட்டுங்க. கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணில போட்டா மாசக்கணக்குல பச்சையா நிக்கலாம், ஆனா கொடியா வளராது.

2. இணையத்துல வர்ற டிப்ஸ் யாருக்கு எழுதினது?

“பனிக்காலத்துல தண்ணியைக் குறைங்க, ஹியூமிடிஃபையர் வைங்க, தினமும் இலையில ஸ்ப்ரே பண்ணுங்க, தெற்கு ஜன்னல்தான் பெஸ்ட்” - இதெல்லாம் நிறைய இடத்துல படிச்சிருப்பீங்க. எழுதினவங்க பொய் சொல்லல. ஆனா அது குளிர் நாட்டுக்காரங்களுக்கு எழுதினது. அங்க ஜனவரில ஹீட்டர் ஓடும், அறைக் காத்து அப்பளம் மாதிரி காய்ஞ்சு கிடக்கும். பழவேற்காடு பக்கத்துலேர்ந்து கடல் காத்து வாங்குற நமக்கு ஹியூமிடிஃபையர் எதுக்கு? இங்க தினமும் ஸ்ப்ரே பண்ணினா, காத்தோட்டம் இல்லாத ரூம்ல இலைப்புள்ளி நோய்தான் வரும்.

தெற்கு ஜன்னல் கதையும் அப்படித்தான். சென்னைப் பக்கம் நிழலில்லா நாள் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும்: ஏப்ரல் கடைசி வாரத்துல ஒண்ணு, ஆகஸ்ட் நடுவுல ஒண்ணு. அந்த நாள் மதியம் சூரியன் நேர் உச்சில நிக்கும். இந்த ரெண்டு தேதிக்கு நடுவுல, அதாவது கத்திரி உட்பட கிட்டத்தட்ட நாலு மாசம், மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கு. அப்போ வடக்கு ஜன்னல்லயும் காலையிலயும் சாயங்காலமும் நேர் வெயில் விழும். தெற்கு ஜன்னலுக்கு வெயில் வர்றது அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைதான் அதிகம். மேற்கு ஜன்னல் மே மாசத்துல அடுப்பு. கான்கிரீட் சுவர் ராத்திரி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். நம்ம ஊருக்குக் கிழக்கு ஜன்னல்தான் பாதுகாப்பான இடம். காலை வெயில் ரெண்டு மணி நேரம் விழுந்தாலும் இலை கருகாது, அப்புறம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம்.

3. வெளிச்சம்: கண்ணை நம்பாதீங்க, அளந்து பாருங்க

மனுஷக் கண்ணு தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும். அதனாலதான் வெளியில ஒரு லட்சம் லக்ஸ் வெயில்லேர்ந்து 150 லக்ஸ் ரூமுக்குள்ள வந்தாலும் நமக்குப் பெரிய வித்தியாசம் தெரியறதில்ல. செடிக்கு அந்த வசதி கிடையாது. போன்ல இலவச லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டு, இலை இருக்கிற இடத்துல வெச்சுப் பாருங்க. துல்லியமா இல்லைன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ஜன்னலை ஒட்டி ஆயிரக்கணக்குல காட்டும். கட்டிலைத் தாண்டி ரெண்டு மீட்டர் உள்ளே போனா சில நூறுதான். அலமாரி மேல இன்னும் மோசம்.

ஒரு கணக்கு போடுவோம். 10-க்கு 12 அடி ரூம்னா தரைப்பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் ஒண்ணு சுமார் 2000 லூமென் குடுக்கும். அத்தனையும் தரையிலயே விழுந்துச்சுன்னு தாராளமா வெச்சுக்கிட்டாலும், 2000-ஐ 11-ஆல வகுத்தா 180 லக்ஸ்தான். வெள்ளை எல்.இ.டி. ஒளிக்கு ஏறத்தாழ 70 லக்ஸ் சேர்ந்தா, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வினாடில 1 மைக்ரோமோல் ஃபோட்டான். அப்படின்னா நம்ம டியூப் லைட் குடுக்கிறது ரெண்டரை மைக்ரோமோல்.

இது போதுமா? ஒளிச்சேர்க்கையில வர்ற வரவும் சுவாசத்துல போற செலவும் சமமாகுற வெளிச்ச அளவுக்கு ஒளி ஈடுசெய் புள்ளின்னு பேர். நிழல்ல வளர்ற செடிங்களோட இலைக்கு அது பொதுவா 1-லிருந்து 5 மைக்ரோமோல். அதாவது டியூப் லைட் எரியும்போது இலை தன் சாப்பாட்டுக்கு மட்டும் சம்பாதிக்குது. வேரோட செலவு, தண்டோட செலவு, லைட் அணைஞ்ச பிறகு ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிற செலவு எல்லாம் சேர்த்தா கணக்கு கடன்ல போகுது. செடி தன் சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டுக்கிட்டே ரெண்டு மூணு மாசம் ஓட்டும். நாம அதைப் பார்த்துட்டு “டியூப் லைட்லயே நல்லா இருக்கே”ன்னு நினைப்போம்.

நடைமுறைக்கு இந்த அளவை வெச்சுக்கோங்க: பகல்ல 300-லிருந்து 1000 லக்ஸ் இருந்தா மணி பிளாண்ட் உயிரோட நிக்கும், 1000-லிருந்து 5000 வரை இருந்தா வளரும். 300-க்குக் கீழே எந்தச் செடியும் வைக்காதீங்க. ஆப் இல்லைன்னா, இலைக்கு மேல ஒரு அடி உயரத்துல கையை நீட்டுங்க. நிழலோட ஓரம் தெளிவா விழுந்தா வெளிச்சம் நிறைய. மங்கலா விழுந்தா நடுத்தரம். நிழலே தெரியலைன்னா செடியை நகர்த்துங்க.

4. தண்ணி: ஓபன் லூப்பை விட்டு வெளியே வாங்க

“திங்கள், வியாழன் 200 மில்லி” - இது ஓபன் லூப் கன்ட்ரோல். அவுட்புட் என்னன்னு பார்க்காமலே இன்புட் குடுத்துக்கிட்டு இருக்கோம். செடி குடிக்கிற அளவு நிலையா இருந்தா இது வேலை செய்யும். ஆனா அது வெளிச்சத்தைப் பொறுத்து மாறிக்கிட்டே இருக்கும். வெளிச்சம் குறைஞ்சா ஒளிச்சேர்க்கை குறையும், இலைத்துளைங்க சரியா திறக்காது, நீராவிப்போக்கு குறையும், வேர் தண்ணி இழுக்கிறதும் குறையும். மே மாசம் ஜன்னலோரத்துல மூணு நாள்ல காலியாகிற அதே தண்ணி, நவம்பர் மழைல, மேகமூட்டத்துல, ரூம் மூலையில பத்து நாளானாலும் அப்படியே நிக்கும். நீங்க டைம்டேபிள்படி மேல மேல ஊத்துவீங்க.

தண்ணி நின்னா என்ன ஆகும்? வேருக்கும் ஆக்சிஜன் வேணும். மண்துகள்களுக்கு நடுவுல இருக்கிற காத்து வழியாத்தான் அது வருது. அந்த இடைவெளில தண்ணி நிரம்பிட்டா, ஆக்சிஜன் தண்ணிக்குள்ள ஊடுருவித்தான் வரணும். காத்துல போறதைவிடத் தண்ணில அது சுமார் 10,000 மடங்கு மெதுவு. வேர் மூச்சு முட்டிச் சாகும், செத்த வேரை ஈரத்துல வாழ்ற பூஞ்சை மாதிரியான கிருமிங்க அழுக வைக்கும். வேர் போனதும் இலைக்குத் தண்ணி போகாது, இலை தொங்கும். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க: இலை தொங்குதேன்னு பார்த்து இன்னும் தண்ணி ஊத்துறாங்க. ஃபீட்பேக் சிக்னலைத் தப்பாப் படிச்சா லூப் நிலைகுலையும்னு பாடத்துல படிச்சது இதுதான்.

சரி, க்ளோஸ்ட் லூப் எப்படிப் பண்றது? மூணு வழி இருக்கு.

முதல் வழி, விரல். ரெண்டாவது மடிப்பு வரைக்கும் மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் பட்டா ஊத்தாதீங்க. காய்ஞ்சிருந்தா ஊத்துங்க. செலவு பூஜ்யம்.

ரெண்டாவது, எடை. இதுதான் என் சிபாரிசு. தொட்டியை நல்லா நனைச்சு, அடியில சொட்டறது நின்னதும் எடை பாருங்க. உதாரணத்துக்கு 1400 கிராம்னு வைங்க. அப்புறம் ஊத்தாம விட்டு, இலை லேசா தளர ஆரம்பிக்கும்போது மறுபடி எடை: 900 கிராம். வித்தியாசம் 500. அதுல பாதி குறைஞ்சதும், அதாவது 1150 வந்ததும், ஊத்தணும். பாதில ஊத்தி, பாதில நிறுத்தாம, முழுசா நனைச்சு விட்டு, மறுபடி 1150 வர்ற வரைக்கும் தொடாதீங்க. ஷ்மிட் ட்ரிகர் மாதிரி மேல ஒரு எல்லை, கீழ ஒரு எல்லை, நடுவுல கை வைக்கக் கூடாது. பெட்டி எடை போடுற சின்ன தொங்கு தராசு போதும். ஒரு மாசம் பழகினா தராசும் வேண்டாம், தூக்கிப் பார்த்தே கை சொல்லிடும்.

மூணாவது, சென்சார். ஆர்டுயினோ வெச்சுப் பண்ண ஆசைப்படுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கிற மலிவான ரெசிஸ்டிவ் சென்சாரை வாங்காதீங்க. நேர் மின்னோட்டம் ஓட ஓட மின்னாற்பகுப்புல கம்பி அரிச்சுப் போய், கொஞ்ச நாள்ல தப்பு ரீடிங் தரும். கெப்பாசிட்டிவ் சென்சார் எடுங்க. இல்லைன்னா தொட்டிக்கு அடியில ஒரு லோட் செல் வைங்க. மண்ணுல இருக்கிற உப்பு அதோட ரீடிங்கைப் பாதிக்காது.

5. தொட்டிக்குள்ள நடக்கிற ஃபிசிக்ஸ்

“அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்” - எல்லாரும் சொல்வாங்க. தப்பு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச நுண்துளை ஏற்றத்தை ஞாபகப்படுத்துங்க. ஏற்ற உயரம் = 2 × பரப்பு இழுவிசை ÷ (அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × துளை ஆரம்). மண்ணுல இருக்கிற துளையோட ஆரம் அரை மில்லிமீட்டர்னா, தண்ணி சுமார் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர்ப்பை எதிர்த்து நிக்கும். ஓட்டை போட்ட தொட்டியா இருந்தாலும் அடி 3 சென்டிமீட்டர் சொதசொதன்னுதான் இருக்கும். துளை ஆரம் 0.1 மில்லிமீட்டர் இருக்கிற மண்ணா? 15 சென்டிமீட்டர். உங்க சின்னத் தொட்டி முழுக்கச் சேறு.

இப்போ அடியில ஜல்லி போட்டா? நுண்துளைல இருக்கிற தண்ணி பெரிய இடைவெளிக்குள்ள தானா இறங்காது. அந்த ஈரப் பட்டை ஜல்லிக்கு மேல ஏறி உட்காரும், வேருக்குக் கிடைக்கிற நல்ல இடம்தான் குறையும். சந்தேகமா? பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சை முழுசா நனைச்சுப் படுக்கை வாட்டத்துல பிடிங்க. சொட்டறது நின்னதும் செங்குத்தா நிமிர்த்துங்க. மறுபடியும் தண்ணி ஒழுகும். உயரமான தொட்டில வடிகால் ஏன் நல்லா இருக்குன்னு இதுலயே புரியும்.

தீர்வு: அடியை விட்டுட்டு மொத்தக் கலவையையும் கொரகொரன்னு ஆக்குங்க. செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின தொழு உரம் அரைப் பங்கு, அதோட உடைச்ச செங்கல் துண்டோ அடுப்புக்கரியோ கருக்கின உமியோ ஒரு பங்கு. செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைங்க நிறைய. உமி தேடி ரொம்ப அலைய வேண்டாம். பெர்லைட் எல்லாம் வாங்கிக் காசைக் கரியாக்க அவசியமில்ல.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: சிப்காட் ரோட்டோரத்துலயோ கம்பெனி காம்பவுண்ட் பக்கத்துலயோ மண் அள்ளாதீங்க. உலோகம் உருக்குற இடங்களைச் சுத்தி இருக்கிற மண்ணுல கசடும் சாம்பலும் கலந்திருக்கலாம், என்ன உலோகம்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மண்ணைக் கையால பிசைஞ்சு, காய்ஞ்சதும் ரூமுக்குள்ள தூசியா பறக்க விடுறது தேவையா?

6. நம்ம ஏரியா தண்ணில என்ன பிரச்சினை?

மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துல வீடு இருக்கிறவங்களுக்கு இது பாட்டி காலத்துக் கதை. ஆரணி, கொசஸ்தலை ஆத்துப் படுகைலேர்ந்து சென்னைக்காகவும் விவசாயத்துக்காகவும் தொடர்ந்து நிலத்தடி நீரை உறிஞ்சினதுல, 1960-களோட கடைசிலேர்ந்தே கடல்நீர் உள்ளே ஏற ஆரம்பிச்சிடுச்சு. 2010-ல மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளில தினம் 10 கோடி லிட்டர் திறன்ல கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை திறந்தது தெரியும். நல்ல தண்ணிக்குப் பேர்போன படுகைக்குப் பக்கத்துலயே கடலைக் காய்ச்சாத குறையா வடிகட்டிக் குடிக்கிற நிலைமை.

செடிக்கும் இதே உப்புதான் எமன். கணக்கு பாருங்க. உங்க போர் தண்ணில ஒரு லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு இருக்குன்னு வைங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை 200 மில்லி ஊத்தினா வருஷத்துக்கு சுமார் 21 லிட்டர். தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. வருஷக் கடைசில தொட்டிக்குள்ள 31 கிராம் உப்பு, அதாவது அஞ்சு டீஸ்பூனுக்குக் கிட்ட. இலை நுனி பழுப்பாகிக் காய்றது, தொட்டி விளிம்புல வெள்ளைப் பொடி படியறது ரெண்டும் இதோட அடையாளம்.

என்ன பண்ணலாம்? தொட்டில ஓட்டை கட்டாயம். ஒவ்வொரு தடவையும் ஊத்துறதுல அஞ்சுல ஒரு பங்கு அடியில வெளியேறணும், அப்போதான் உப்பும் வெளியேறும். தட்டுல தேங்குறதை உடனே கொட்டிடுங்க. மாசம் ஒரு தடவை நல்ல தண்ணில தொட்டியை அலசி விடுங்க. நல்ல தண்ணிக்கு எங்க போறது? மழைக்காலத்துல மாடில ஒரு வாளி வைங்க. மத்த நாள்ல ஏ.சி. லேப் பக்கம் போங்க. ஏ.சி.லேர்ந்து சொட்டறது காத்துல இருந்த நீராவி குளிர்ந்து வந்தது, அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது. சர்வீஸ் பண்ணி கெமிக்கல் அடிச்ச நாள் மட்டும் எடுக்காதீங்க. ஆர்.ஓ. மெஷினோட கழிவு நீர் இதுக்கு நேர் எதிர், மொத்த உப்பும் அதுலதான் சேர்ந்திருக்கு. “வீணாப் போகுதே”ன்னு அதைச் செடிக்கு ஊத்தாதீங்க. பாத்ரூம் கழுவ வெச்சுக்கோங்க.

உரம்? நடுத்தர வெளிச்சத்துல இருக்கிற செடிக்கு 19:19:19 கரையும் உரம் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், மாசத்துக்கு ஒரு தடவை போதும். உரமும் உப்புதான்னு மறக்காதீங்க. இருட்டுல வாடுற செடிக்கு உரம் போடுறது, பசியில்லாதவன் வாயில சோத்தைத் திணிக்கிற மாதிரி.

7. பாட்டில் மணி பிளாண்ட் வெச்சிருக்கிறவங்க கட்டாயம் படிங்க

“தண்ணில வேர் அழுகும்னு சொன்னீங்க, பாட்டில்ல மட்டும் எப்படி வளருது?”ன்னு கேட்பீங்க. தண்ணிலயே முளைக்கிற வேர் அதுக்கு ஏத்த மாதிரி காத்து இடைவெளிகளோட வளருது. மண்ணுல வளர்ந்த வேரைத் திடீர்னு முக்கினாதான் பிரச்சினை. தண்ணியை அடிக்கடி மாத்தினா புது ஆக்சிஜனும் கிடைக்கும்.

ஆனா செடியைவிட முக்கியமான விஷயம் டெங்கு. ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது தெளிஞ்சு தேங்கி நிக்கிற கொஞ்சம் தண்ணி. பூந்தொட்டித் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில் ரெண்டும் அதுக்கு ரெடிமேட் வீடு. முட்டை பெரிய கொசுவாக நம்ம வெப்பத்துல ஏழு முதல் பத்து நாள். வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஒரு ஹாஸ்டல்ல ஐம்பது பாட்டில் இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. வாரம் ஒரு தடவை, நாள் தவறாம, தண்ணியை மாத்துங்க. சும்மா கொட்டி ரொப்பினா பத்தாது. முட்டை பாட்டில் சுவர்ல, நீர்மட்டத்துக்கு மேல ஒட்டியிருக்கும். காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்ங்க. வாயைத் துணியாலயோ பஞ்சாலயோ அடைங்க. இந்த ஒரு வேலைக்கு மட்டும் டைம்டேபிள் போடுங்க, ஏன்னா கொசு உண்மையாவே டைம்டேபிள்படி வளருது.

8. “காத்தைச் சுத்தம் பண்ணும்” - உண்மையா?

நம்ம பெல்ட்ல நிறைய பேர் செடி வாங்குறதே இதுக்காகத்தான். உருக்காலைப் புகை, அனல் மின் நிலையம், தேசிய நெடுஞ்சாலை லாரி. ஜன்னலைத் திறந்தா மேஜைல கறுப்புத் தூசி. அதனால “ஏர் ப்யூரிஃபையர் பிளாண்ட்”னு போர்டு வெச்சா உடனே வித்துடும்.

இந்த நம்பிக்கை தொடங்கினது 1989-ல. நாசாவோட ஸ்டென்னிஸ் ஆய்வு மையத்துல வுல்வர்ட்டன் குழு, மூடின சின்ன அறைப்பெட்டிக்குள்ள செடியை வெச்சு பென்சீன், ஃபார்மால்டிஹைடு மாதிரி வாயுக்களைச் செலுத்தினாங்க. அளவு குறைஞ்சுது. டெல்லில கமல் மீட்டல் 2009-ல டெட் மேடையில மூணு செடியைக் காட்டிப் பேசினதும் நம்ம நாட்டுல இது இன்னும் பரவிச்சு. அவர் சொன்ன கட்டடத்துல 300 பேருக்கு 1200 செடிங்கிற எண்ணிக்கையை மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க.

மூடின பெட்டி வேற, நம்ம ரூம் வேற. 2019-ல அமெரிக்காவோட ட்ரெக்சல் பல்கலைக்கழகத்துல கம்மிங்ஸ், வாரிங் ரெண்டு பேரும் பழைய ஆய்வுகளை எல்லாம் எடுத்து, ஒரு செடி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு மாத்திக் கணக்குப் போட்டாங்க. இடைநிலை மதிப்பு 0.023 கன மீட்டர். நம்ம ரூமோட கொள்ளளவு 33 கன மீட்டர்னு வைங்க. கதவு, ஜன்னல் இடுக்கு வழியா மணிக்கு ஒரு தடவை காத்து மாறினாலே 33 கன மீட்டர். அதுக்கு ஈடு குடுக்க 33-ஐ 0.023-ஆல வகுங்க: 1400-க்கு மேல செடி. படுக்க இடம் இருக்காது. அதுவும் ஆவியாகுற வேதிப்பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு. நுண்தூசியை நிறுத்த ஜன்னலோரத்து நாலு இலையால முடியாது.

“பாம்புச் செடி ராத்திரி ஆக்சிஜன் விடும்”ங்கிறதும் அரைகுறைச் செய்தி. அது ராத்திரில இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கி அமிலமா சேமிச்சு வைக்கும். ஆக்சிஜன் வர்றது வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான். நம்ம கடற்கரை ஓரத்துல நார் எடுக்கிற மருள் இருக்கே, அது இந்தப் பாம்புச் செடிக்கு நெருங்கின சொந்தம்.

அப்போ செடி வளர்க்கவே வேண்டாமா? தாராளமா வளருங்க. பச்சையைப் பார்க்கிறது மனசுக்கு நல்லா இருக்கு, அது போதும். ஆனா “செடி இருக்கே”ன்னு காத்தைப் பத்திக் கவலைப்படாம இருந்துடாதீங்க. கும்மிடிப்பூண்டில தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட காத்துக் கண்காணிப்பு நிலையம் இருக்கு. மத்திய வாரியத்தோட ‘சமீர்’ ஆப்ல அளவீட்டைப் பார்க்கலாம். எண் மோசமா இருந்தா ஜன்னலைச் சாத்துங்க, மாஸ்க் போடுங்க. ராத்திரில புகை நாத்தம் வந்தா தேதி, நேரம், காத்து வீசுற திசையைக் குறிச்சு வாரியத்துல புகார் குடுங்க. அந்த வேலையை மணி பிளாண்ட் நமக்காகச் செய்யாது.

உண்மைல நம்ம தூசிலேர்ந்து செடியைத்தான் நாம காப்பாத்தணும். இலைமேல படியுற தூசி வெளிச்சத்தை மறைக்கும். ஏற்கெனவே கடன்ல ஓடுற கணக்கு இன்னும் மோசமாகும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால இலையோட ரெண்டு பக்கமும் துடைங்க. பளபளப்புக்குன்னு தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, அது தூசியை இன்னும் ஒட்ட வைக்கும்.

9. அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிங்க

மண் ஈரமா இருந்தும் இலை தொங்குது: வேர் அழுகல். வெளியே எடுத்துக் கறுத்து வழவழன்னு இருக்கிற வேரை வெட்டிட்டு, புதுக் கலவைல நடுங்க. வேர் மொத்தமும் போயிருந்தா கணுவோட வெட்டி மறுபடி ஆரம்பிங்க.

மண் காய்ஞ்சு இலை தொங்குது: வெறும் தாகம். நல்லா நனைங்க, சில மணி நேரத்துல நிமிர்ந்துடும்.

அடி இலை ஒவ்வொண்ணா மஞ்சளாகுது: ஒண்ணு ரெண்டு போனா வயசு. தொடர்ந்து போனா தண்ணி அதிகம், இல்ல வெளிச்சம் குறைவு.

நுனி பழுப்பு: உப்பு.

இலைக்கும் இலைக்கும் நடுவுல நீளமான வெறும் தண்டு, புது இலை சின்னது, வெள்ளைத் திட்டு மறைஞ்சு முழுப் பச்சை: வெளிச்சம் பத்தல.

இலை நடுவுல வெளுத்துக் காய்ஞ்ச திட்டு: நேர் வெயில் சுட்டிருக்கு.

கணுவுல பஞ்சு மாதிரி வெள்ளை: மாவுப்பூச்சி. ஈரப் பஞ்சால துடைச்சு எடுத்துட்டு, ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு தடவை தெளிங்க. பக்கத்துச் செடியைத் தள்ளி வைங்க.

10. ஸ்டடி ஹாலிடேஸ், பொங்கல் லீவுக்கு என்ன பண்றது?

பத்து நாளுக்குள்ளன்னா ஒண்ணும் பண்ண வேண்டாம். கிளம்புற அன்னிக்கு நல்லா நனைச்சு, வடிய விட்டு, ஜன்னல்லேர்ந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைங்க. வெளிச்சம் குறைஞ்சா செலவும் குறையும். அதுக்கு மேல போனா, தொட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வா மூடியோட ஒரு தண்ணி டப்பா வெச்சு, மூடி ஓட்டை வழியா பருத்தித் திரி ஒண்ணை டப்பாலேர்ந்து மண்ணுக்குள்ள விடுங்க. மண் காயக் காயத் திரி தண்ணி இழுக்கும். டப்பா மூடி இறுக்கமா இருக்கணும், கொசு ஞாபகம் இருக்கட்டும். பாட்டில் செடி வெச்சிருக்கிறவங்க லீவுக்குப் போகும்போது தண்ணியைக் கொட்டிட்டு, ஈர மண்ணுலயோ நனைச்ச நார்க்கழிவுலயோ நட்டு வெச்சுட்டுப் போங்க.

இந்த மாசம் செஞ்சு பாருங்க

ஒரே கொடிலேர்ந்து ரெண்டு கணுத் துண்டு வெட்டி, ஒரே அளவு தொட்டில, ஒரே கலவைல நடுங்க. ரெண்டையும் ஒரே ஜன்னல்ல வைங்க. ஒண்ணுக்கு டைம்டேபிள்படி தினமும் 50 மில்லி. இன்னொண்ணுக்கு எடை பார்த்து மட்டும். ஆறு வாரம் எடையையும் இலை எண்ணிக்கையையும் நோட்ல குறிங்க; கடைசில ரெண்டையும் வெளியே எடுத்து வேரைக் கழுவிப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுங்க. ரீடிங்கையும் போட்டோவையும் எங்களுக்கு அனுப்புங்க. யார் ரூம் எந்தப் பக்கம் பார்த்திருக்கு, ஜன்னல்ல எத்தனை லக்ஸ், என்ன தண்ணி ஊத்தினீங்கன்னும் சேர்த்து எழுதினா, நம்ம ஹாஸ்டலுக்கே ஒரு வெளிச்ச வரைபடம் போட்டு அடுத்த இதழ்ல வெளியிடலாம்.